சட்டைக்குப் போட்ட மருந்து

மருந்தைத் தொடாமலே போட்டுக்கொண்டதாக நம்பவைக்கும் வித்தையில் நான் கொஞ்சம் தேர்ந்தவன். சின்ன வயதில் அம்மாவிடம் ஆரம்பித்து, கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் மெருகேற்றி, முப்பத்தெட்டு வயதில் ராயபுரத்தில் ஒரு தர்ம வைத்தியசாலைக் கம்பவுண்டரிடம் அரங்கேற்றினேன். அரங்கேற்றத்தன்றே பிடிபட்டேன்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறங்கும்போது கூடைகளை எண்ணுவது என் உத்தியோகம். எண்ணின கூடையெல்லாம் ரயில் வண்டிக்குப் போகும். எண்ண முடியாத தூள் என் நெஞ்சுக்குப் போகும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட்; காலையும் உச்சிவேளையும் வீட்டில்தான் இருப்பேன். மார்கழி பிறந்தால் இழுப்பு வந்துவிடும். மாடிப்படி ஏறினால் நான் மேலே போய்ச் சேர்ந்த பிறகு என் மூச்சு சாவகாசமாக வந்து சேரும்.

வைத்தியசாலை டாக்டர் எங்கிருந்தோ ஒரு கருவி வரவழைத்திருந்தார். கண்ணாடியில் கோழிமுட்டை அளவுக்கு ஓர் உருண்டை. அதற்கு முன்னால் ஒரு மூக்கு, பின்னால் ரப்பர் பந்து. உருண்டைக்குள் பத்துச் சொட்டு மருந்து விட்டு, மூக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு பந்தை மூன்று தடவை அமுக்க வேண்டும். புகை மாதிரி வரும். அதை உள்ளே இழுத்துப் பத்து எண்ணும்வரை விடக்கூடாது. விடியலில் ஒன்று, உச்சியில் ஒன்று, அந்தியில் ஒன்று. இழுப்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. போட்டதும் போடாததும் தெரிய ஓர் அட்டை. நாளுக்கு மூன்று கட்டம். வைத்தியசாலையில் இருந்தவை ஏழெட்டுக் கருவிகள்தான். ஒழுங்காகப் போடாதவரிடமிருந்து பிடுங்கி வரிசையில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு அது வந்தபோது பெருமையாக இருந்தது. நான்கு நாள் போட்டேன். போட்டால் கை நடுங்கும், நெஞ்சு குதிரை மாதிரி ஓடும். அதோடு, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி உட்கார்ந்து பந்தை அமுக்குவது ஒரு குடும்பஸ்தனுக்கு அழகாகப் படவில்லை. ஐந்தாம் நாள் இழுப்பே இல்லை. நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு என்று விட்டேன். ஆறாம் நாள் இழுத்தது. விட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு அன்றைக்கும் விட்டேன். மாதக் கடைசியில் மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, அட்டையில் தொண்ணூறு கட்டத்திலும் சுத்தமாகப் பெருக்கல் குறி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நம்பிக்கை வரட்டும் என்று இரண்டு மூன்று இடத்தில் மசியைக்கூடக் கலைத்திருந்தேன்.

கம்பவுண்டர் அட்டையைப் பார்க்கவில்லை. பந்தை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினார். புது ரப்பருக்குள் போட்டு அனுப்பும் வெள்ளைப் பவுடர், என் நான்கு நாள் அமுக்கலில் தீராத மிச்சம், புஸ்ஸென்று கிளம்பி அவர் மீசையில் படிந்தது.

"அட்டை ரொம்ப அழகா இருக்கு சார்" என்றார். "பந்துதான் இன்னும் கடையை விட்டே வரலை."

கருவி அடுத்த ஆளுக்குப் போயிற்று. அடுத்த ஆள் என் அடுத்த வீட்டுக்காரன்.

அவன் கடலுக்குப் போகிறவன். நாங்கள் குடியிருந்தது வரிசையாக ஆறு அறைகள் கொண்ட ஒரு நீள வீடு. அறைக்கும் அறைக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் ஒரு ரகசியம் பேசினால் இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம். ஆகவே அவன் மருந்து போடுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். ரயில்வே பட்டறைச் சங்கு பன்னிரண்டுக்கு ஊதி ஓய்ந்ததும் புஸ்க், புஸ்க், புஸ்க். பிறகு ஒரு நீளமான உள்மூச்சு. நடுவில் ஈர நூல் ஒன்று எங்கோ மாட்டி அறுகிற மாதிரி ஒரு சின்னத் தடங்கல். அப்புறம் பத்து எண்ணும் மௌனம். நானும் என்னை அறியாமல் எண்ணுவேன்.

அவனுக்கு இழுப்பு இருப்பது நான்கு பேருக்குத்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்: அவன், அவன் பெண்டாட்டி, கம்பவுண்டர், நான். படவு என்கிற வலைப்படகில் சேர்ந்த மற்ற ஆட்களுக்குத் தெரியக்கூடாது. "இழுப்புக்காரன்னு தெரிஞ்சா தண்டலு என்னெ படவுல ஏத்த மாட்டாரு சார்" என்று ஒரு தரம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். படவுக்குத் தலைவன் தண்டல். வலைக் கயிற்றில் ஒருவனுக்கு மூச்சு நின்றால் மற்ற எட்டுப் பேரின் கையும் சேர்ந்து நிற்கும். அது நியாயம்தான். ஆனால் படவில் இடம் போனால் அவனுக்குக் கரையில் வேறு வேலை கிடையாது.

தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு அவர்கள் பழவேற்காட்டுப் பக்கம் தங்கலுக்குப் புறப்பட்டார்கள். வேறு கரையில் குடிசை போட்டு வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பதற்கு அப்படிப் பெயர். விடிகாலை அவன் துணி மூட்டையோடு போனதை நான் கண்ணால் பார்த்தேன். "வரேன் சார்" என்றான். கையில் கருவி இல்லை.

முதல் இரண்டு நாளும் கப்பல் நெருக்கடியில் நான் வீடு தங்கவில்லை. மூன்றாம் நாள் உச்சிவேளை. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்குத் தனி மரியாதை உண்டு. சங்கு ஊதும்போது பெண்கள் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். கடற்கரை மணலில் ஆள் நடமாட்டம் இருக்காது. நிழல்கூடக் காலடியில் ஒளிந்துகொண்டிருக்கும். சங்கு ஓய்ந்தது.

புஸ்க், புஸ்க், புஸ்க்.

பிறகு அந்த மூச்சு. நடுவில் அதே நூல் அறுந்தது. நான் ஐந்து வரைக்கும் எண்ணினேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

"அவன் திரும்பி வந்துட்டானா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"யாரு? அவர் போய் மூணு நாளாச்சே" என்றாள் அவள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "ஏங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

கரித்தூள் படிந்த முகம் வெளுப்பது சாதாரண விஷயமில்லை. அந்தக் காலத்தில் என்னிடம் பகுத்தறிவுப் புத்தகங்கள் முப்பதுக்குக் குறையாமல் இருந்தன. ஆவி கிடையாது என்று எழுதியிருந்த பக்கங்களில் அடிக்கோடு போட்டிருந்தேன். அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போகும்போது அவர்கள் வாசலைத் தாண்டாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

மறுநாள் சங்கு ஊதும்போது துணிந்து வாசலில் போய் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவன் பெண்டாட்டி பழவேற்காடு இருக்கும் வடக்கு முகமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் ஆணியில் அவன் சட்டை தொங்கியது. கருவியின் மூக்கைச் சட்டையின் கழுத்துக்கு நேராகப் பிடித்து, பந்தை மூன்று தடவை அமுக்கினாள். புகை போய்ச் சட்டையில் படிந்தது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்தியிருந்தாள்.

உள்மூச்சு கேட்டது.

சட்டை அசையவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசகர்கள் தாங்களாகவே அசைத்துக்கொள்வார்கள். சத்தம் எந்த மூலையிலிருந்து வந்தது என்றும் என்னால் சொல்ல முடியாது. அமுக்கின பந்து விடும்போது காற்றை இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பந்து மூன்று தடவை இழுத்து முடித்துச் சும்மா கிடந்தது.

பத்து ஆனதும் அவள் தலைப்பை எடுத்தாள். "இன்னா அண்ணே?" என்றாள் சாதாரணமாக.

"என்னம்மா இது?"

"மருந்து. அவருக்கு."

"அவர்தான் இங்கே இல்லையே."

"எடுத்துக்கினு போவ மாட்டேன்னுட்டாரு. மத்த ஆளுங்க பாத்துட்டா? டாக்டரு ஒரு வேளைகூட வுடக்கூடாதுன்னு சொல்லிகிறாரு." அவள் கருவியைத் துணியில் துடைத்தாள். "அவரு கடல்ல கீறப்போ நான் அந்தியில தல வார மாட்டேன், சாயங்காலம் வூட்டப் பெருக்க மாட்டேன். நான் இங்க தப்பு செஞ்சா அங்க வலை கியியும். தப்பு அவ்ளோ தூரம் போவுது. மருந்து மட்டும் போவாதா?"

என் முப்பது புத்தகங்களையும் மனதுக்குள் புரட்டினேன்.

"அண்ணே, நீங்களும் கேட்டீங்கல்ல?" என்றாள் பிறகு.

"காற்று" என்றேன்.

"ஆமா. அவரு காத்து."

அவளுக்கு எழுதத் தெரியாது. அட்டையை என்னிடம் நீட்டினாள். பொய்யாகக் கட்டம் நிரப்பினதற்காகத் துரத்தப்பட்ட நான், அன்றிலிருந்து தினமும் அவள் சொல்லச் சொல்ல, ஊரிலேயே இல்லாத நோயாளிக்கு மூன்று வேளைக்கும் குறி போட்டேன்; அந்திக் கட்டத்தை மட்டும் மறுநாள் காலையில். ஒரு வேளை தவறவில்லை. அந்த வைத்தியசாலையில் அவ்வளவு ஒழுங்காக மருந்து போட்டுக்கொண்ட மனிதன் அந்தச் சட்டை ஒன்றுதான்.

இதற்கிடையில் என் நெஞ்சு தன் பாட்டைத் தொடங்கியிருந்தது. நான்கு முழத்துக்கு அப்பால் நல்ல மருந்து பருத்தித் துணிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் நான் ஊமத்தை இலைச் சுருட்டைப் பிடித்து இருமிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் மானத்தை விட்டுக் கேட்டேன். "அம்மா, வீணாப் போற புகையிலே எனக்கு ஒரு இழுப்பு..."

அவள் கோபிக்கவில்லை. "அது அவரு மூச்சு அண்ணே" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் மனைவியிடம் மட்டும், எனக்காக நீயும் ஏதாவது அமுக்கக்கூடாதா என்றேன். "சாப்பாட்டையும் உங்களுக்காக நானே சாப்பிட்டுடறேன்" என்றாள் அவள்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, உச்சியில் குறி போடுவதற்காக வாசலில் நின்றிருந்தேன். சங்கு ஓய்ந்தது. அவள் மூன்று தடவை அமுக்கினாள். புகை சட்டையில் படிந்தது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். தெருவில் ஒரு காக்கை கத்தியது. தூரத்தில் எஞ்சின் ஒன்று நீராவி விட்டது.

"கேட்டீங்களா அண்ணே?"

"ஒண்ணும் கேக்கலியே."

"அதான்" என்றாள். கருவியை என் பக்கம் நீட்டினாள்.

கருவியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உருண்டைக்குள் மருந்து செம்பட்டை நிறமாக மாறியிருந்தது. சிவந்துபோனால் மருந்து செத்துப்போச்சு, கொட்டிவிடு என்று கம்பவுண்டர் என்னிடமே சொல்லியிருக்கிறார். போகாத ஊருக்குப் போகிற மருந்தாக இருந்தாலும் கெட்டுப்போனால் வேலை செய்யாது போலிருக்கிறது. அதை நினைத்துச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

"நான் அங்க போவ முடியாது. பொம்பளைங்க தங்கலுக்குப் போறதில்ல" என்றாள். "எங்க ஆம்பளைங்க எல்லாம் அதே படவுல. நீங்க போய் இத அவரு கையில குடுத்துட்டு வந்துடுங்க அண்ணே. நாலு பேரு பாக்காம குடுங்க."

வைத்தியசாலைக்குப் போனேன். தொண்ணூறு கட்டமும் நிறைந்த அட்டை இல்லை. ஆனால் நிறைந்தவரைக்கும் ஓட்டை கிடையாது. கம்பவுண்டர் பந்தை அமுக்கிப் பார்த்தார். பழகின பந்து மெத்தென்று அமுங்கியது. "இந்த ஆளைப் பார்த்துக் கத்துக்குங்க சார்" என்று சொல்லிப் புது மருந்து கொடுத்தார். நான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். அப்போது என் முகத்தில் தெரிந்த வெட்கத்தை அவர் வேறு கணக்கில் எழுதியிருப்பார்.

எண்ணூரிலிருந்து கால்வாய் வழியாக விறகுப் படகுகள் பழவேற்காட்டுக்கு வெறுமையாகத் திரும்பிப் போகும். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, விடியலில் ஒன்றில் ஏறினேன். கருவியைப் பஞ்சு வைத்து பிஸ்கட் டப்பாவுக்குள் படுக்க வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். பனி. முன்னால் கோல் போடுகிற ஆள் தெரியவில்லை. கோல் தண்ணீரில் இறங்குவது மட்டும் கேட்டது. உப்பளங்கள் கடந்தன என்று வாசனையில் தெரிந்துகொண்டேன். ஈரக் காற்றில் என் நெஞ்சு இறுகி, ஒவ்வொரு மூச்சையும் வாடகைக்கு எடுக்கிற நிலைமை வந்தது. டப்பாவைத் திறந்தேன். மருந்து விட்டேன். மூக்கை வாயருகே கொண்டுபோனேன். பந்தின் மேல் விரல் இருந்தது.

அமுக்கவில்லை. யோக்கியன் என்பதால் அல்ல. நான் இழுப்பதற்கு முன்னால் வேறு யாராவது இழுத்துவிடுவார்களோ என்று பயம். டப்பாவை மூடிவிட்டேன்.

தங்கல் ஒரு மணல் திட்டு. ஓலைக் குடிசைகள், உலரும் வலை, கவிழ்த்துப் போட்ட இரண்டு கட்டுமரம், கரையேற்றிய படவு. நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. ஆட்கள் வலையைச் சுற்றி உட்கார்ந்து கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களோடு இல்லை. படவின் மறுபக்கத்தில், இரண்டு கையையும் மணலில் ஊன்றி, தோளை உயர்த்தி உட்கார்ந்திருந்தான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே போ என்றான்.

எனக்கு அப்போது தோன்றிய ஒரே யோசனை நடிப்பு. அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை. மணலில் நடந்து வந்ததில் எனக்கே நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்க, "அப்பப்பா, எனக்கு இழுப்பு தாங்கலையே" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து மூன்று அமுக்கு அமுக்கி உள்ளே இழுத்தேன். பத்து எண்ணினேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகப் போட்டுக்கொண்ட ஐந்தாவது நாள் மருந்து அது. பிறகு, "வேடிக்கையா இருக்கு பாரு, நீயும் ஒண்ணு இழேன்" என்று அவனிடம் நீட்டினேன்.

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். பார்வை என் தோளுக்குப் பின்னால் போயிற்று. தண்டல் வந்து நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும், காதில் கடுக்கன்.

"இன்னா நைனா, டிராமா நல்லாத்தான் கீது" என்றார் என்னிடம். "பட்டணத்துலேர்ந்து இம்மாந் தூரம் வந்து எங்காளுக்கு வேடிக்க காட்டுறியா?"

நான் டப்பாவை மூடப் போனேன்.

"அவனுக்கு இழுப்பு கீதுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? ஒரே குடிசையில ஒம்போது பேரு படுத்துகினு கீறோம். ஒருத்தன் நெஞ்சு இழுத்தா மத்த எட்டுப் பேரும் முயிச்சிக்கினுதான் கெடப்போம். நாலு வருசமாக் கெடக்கறோம்."

"அப்ப ஏன் சொல்லலை?" என்றேன்.

"அவன் மறைக்கிறான். மறைக்கிறவன் கிட்ட போய் எனக்குத் தெரியும்னு சொன்னா, மறுநாளு படவுக்கு வருவானா? வெக்கப்பட்டுக்கினு வூட்ல குந்திப்பான். நல்ல கை நைனா அது. கயித்துல அவன் கையத்தான் மொதல்ல வெப்பேன்."

அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்டல் குனிந்து, "இழுடா" என்றார்.

அவன் இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தோள் மெல்ல இறங்கியது. உதட்டுக்கு நிறம் திரும்பியது. பேச முடிந்ததும் அவன் முதலில் சொன்னது நன்றி இல்லை.

"இத வூட்டுக்கே எடுத்துக்கினு போயிடு சார்" என்றான். "அங்கியே இருக்கட்டும்."

"ஏன்பா?"

"நான் போட்டா நெஞ்சு படபடங்குது. இங்க வந்ததுலேர்ந்து ஒண்ணுமே போடாம நல்லாத்தானே இருந்திச்சி? விடியல்ல ஒரு தபா, உச்சியில ஒரு தபா, அந்தியில ஒரு தபா, நெஞ்ச யாரோ தொறந்து வுட்ட மாரி இருக்கும். முந்தாநேத்துலேர்ந்துதான் கனக்க ஆரம்பிச்சது. நேத்து உச்சியில சுத்தமா இல்ல."

நேற்று உச்சியில்தான் நானும் அவளும் கேட்காத மூச்சுக்காகக் காத்திருந்தோம். விடியலில் கரைக்காற்று மாறும், உச்சியில் கடல்காற்று எழும், அந்தியில் மறுபடி ஓயும்; இழுப்புக்காரனுக்கு அந்த மூன்று வேளையில் மூச்சு லேசாவது இயற்கைதான் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது தோன்றவில்லை. அவன் பெண்டாட்டி செய்துகொண்டிருந்ததையும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் செத்தாலும் அந்தக் கருவியைத் தொடமாட்டான், சட்டையே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவான் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

"மருந்து இங்கதான் இருக்கும்" என்றார் தண்டல். "உன் நெஞ்சு படபடங்கட்டும். நின்னு போறதுக்கு அது மேலு."

அன்று இரவு அவர்கள் குடிசையிலேயே படுத்தேன். விடியலில் பனிக்குள் படவைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். பாதி இறங்கினதும் தண்டல் கையை உயர்த்தினார். எல்லாரும் படவின் விளிம்பைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அவன் கருவியை வாயில் வைத்து மூன்று அமுக்கு அமுக்கினான். மற்றவர்கள் அவனுக்காக எண்ணினார்கள். மெதுவாக, ஒரே குரலில், சிரிக்காமல். ஒன்பது வந்ததும் ஒருவன் வேண்டுமென்றே மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். "அடப் பாவி, செத்துடுவேன்டா" என்று மூச்சை விட்டுவிட்டுத் திட்டினான் அவன். தண்டல் கருவியை வாங்கி என்னிடம் கொடுக்காமல், குடிசைக்கு அனுப்பாமல், தன் தலைத்துணியில் சுற்றிப் படவுக்குள் வைத்துக்கொண்டார்.

ஏறினார்கள். ஒரு அலை தாண்டினதும் முகங்கள் மறைந்தன. இரண்டாவது அலைக்கு அப்பால் பனியில் ஒன்பது கறுப்பு உருவங்கள் ஒரே சீராகத் துடுப்பு போட்டன. அவன் எது என்று நான் வெகுநேரம் உற்றுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.